பெத் பேசிய பக்கத்தை வெட்டாதீர்கள்

பழைய சிறுவர் நாவல்களைச் சுருக்கி வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பெண்கள் எழுதிய அந்தக் காலத்துச் சிறுமியர் நாவல்களை நீங்கள் சுருக்கும்போது காய்ச்சல், மரணம், கல்யாணம் எல்லாம் பத்திரமாகத் தங்கிவிடுகின்றன. சிறுமிகள் கூடி விளையாடும் அத்தியாயங்கள்தான் பெரும்பாலும் காணாமல் போகின்றன. அங்கே கதை நகரவில்லை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கோ அங்கேதான் கதையே நடப்பதாகத் தோன்றுகிறது.

லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' (1868) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா தங்கைகளான மெக், ஜோ, பெத், ஏமி நால்வரும் ரகசியச் சங்கம் வைத்து, சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறார்கள். டிக்கன்ஸ் நாவலின் ஆண் பாத்திரங்களுடைய பெயர்களைச் சூட்டிக்கொண்டு கூட்டம் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் லாரியைச் சேர்க்கலாமா என்று ஒருநாள் வாக்கெடுப்பு. மெக்கும் ஏமியும் வேண்டாம் என்கிறார்கள். நம் பத்திரிகையைப் பார்த்துச் சிரிப்பானே என்று மெக்குக்குப் பயம். அப்போது எழுந்து நின்று பேசுவது யார்? அதிர்ந்து பேசாத பெத். பயமாக இருந்தாலும் சேர்க்கத்தான் வேண்டும், அவன் வரட்டும், விருப்பமிருந்தால் அவன் தாத்தாவும் வரட்டும் என்கிறாள். சங்கமே திகைத்துப்போகிறது. இந்த அத்தியாயம் இல்லாத பதிப்பில் பெத் வெறுமனே நோயில் விழுந்து இறந்துபோகும் நல்ல பிள்ளை.

ஜோவின் கையெழுத்துப் பிரதியை ஏமி எரித்துவிடும் இடத்தை யாரும் விடுவதில்லை. ஆனால் அதற்கு முன்பு, கிறிஸ்துமஸ் இரவில் இவர்கள் போட்ட நாடகம் இருக்கிறதே, அது போய்விடுகிறது. நாடகத்தை எழுதியவள் ஜோ. நாயகன் அவளே, நாயகி ஏமி. மேடைக் கோபுரம் சரிந்தபோது இருவரும் சேர்ந்துதான் இடிபாட்டில் மாட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஏமியை ஜோ பிறகு நாடகக் கொட்டகைக்கு அழைத்துப்போக மறுக்கிறாள். அந்தக் கோபத்தில்தான் பிரதி எரிகிறது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கெட்ட தங்கையும் ஒரு பாடமும்.

மாண்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' (1908) நாவலில் ஆனும் தோழிகளும் கதை எழுதும் சங்கம் தொடங்குவார்கள். ரூபி கதைகளில் காதல் அதிகம் என்கிறாள் ஆன். டயானா கதைகளில் கொலை அதிகம், ஏனென்றால் பாத்திரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் கொன்றுவிடுகிறாள்! தோழியின் எழுத்தை இவ்வளவு கூர்மையாகப் படிக்கிற ஒரு சிறுமியை உங்கள் வாசகிகள் சந்திக்க வேண்டாமா?

பக்கக் கணக்கு எனக்கும் புரிகிறது. சரி, எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஆல்காட் இடையிடையே நின்று செய்யும் உபதேசங்களில் கை வையுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

உங்கள் துறையிலேயே வேறுவிதமாக நடந்ததும் உண்டு. பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1888-ல் சாரா என்ற சிறுமியைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். அப்புறம் அது நாடகமானது. முதலில் விட்டுப்போன ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பெரிதாக எழுதுங்கள் என்று பதிப்பாளரே கேட்க, 1905-ல் 'எ லிட்டில் பிரின்சஸ்' வந்தது. சாராவும் வேலைக்காரச் சிறுமி பெக்கியும் தங்கள் பரண் அறைகளைச் சிறையாகக் கற்பனை செய்துகொண்டு, சுவரைத் தட்டிப் பேசிக்கொள்ளும் இடங்களை அதில் படித்துப் பாருங்கள். பசியும் குளிருமான அந்த வீட்டில் அவர்களைச் சகோதரிகளாக்குவது அந்த விளையாட்டு.

ஆகவே இரண்டு வேண்டுகோள். சுருக்கப் பதிப்பு என்பதை அட்டையிலேயே கண்ணில் படும்படி அச்சிடுங்கள், எந்தெந்த அத்தியாயங்கள் இல்லை என்று உள்ளே குறிப்பிடுங்கள். அடுத்த முறை கத்தரிக்க உட்காரும்போது, சிறுமிகள் தங்களுக்குள் நாடகமும் பத்திரிகையும் சங்கமும் நடத்தும் அத்தியாயங்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வெட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி