நவம்பர் 11: மணிக்கூண்டில் கூடுகிறோம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டை எல்லாருக்கும் தெரியும். அதிலுள்ள கல்வெட்டை நின்று படித்தவர்கள் குறைவு. 1914-18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. எண்ணிக்கைதான் இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. அதே போரில் இறந்தவர்களுக்காக இராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும்தான் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாகவே நின்றார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

1918-இல் போர் நின்றது நவம்பர் 11, காலை 11 மணிக்கு. அதே நேரத்தில் மணிக்கூண்டு அருகே கூடி, மாலை போட்டு, இரண்டு நிமிடம் மௌனம். அவ்வளவுதான். மைக், பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்து மெடல் யார் வீட்டிலாவது பெட்டியில் கிடந்தால், அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். படை எண், பெயர், ரெஜிமென்ட் அங்கே சின்ன எழுத்தில் வெட்டியிருக்கும். அதைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்! அவர் போரில் இறந்தவராக இருந்தால், இறந்தவர்களின் பட்டியல் வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரை இலவசமாகத் தேடலாம். தேடத் தெரியாதவர்களுக்கு நான் பார்த்துச் சொல்கிறேன்.

பஜாரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கோட்டைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். வருபவர்கள் இங்கேயே 'சரி' என்று போடுங்கள், மாலைக்குச் சொல்ல வேண்டும்.