கையெழுத்துப் போட முதல்

அதிபர் அலுவலகம்,
யாழ்ப்பாணம்.

தரம் 8 தொடக்கம் 11 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

நேற்றுப் பின்னேரம் உங்கள் பிள்ளைகளிடம் மருத்துவ ஆய்வு ஒன்றுக்கான சம்மதப் படிவத்தை 4 பக்கத்தில் கொடுத்துவிட்டோம். இன்று காலைப் பிரார்த்தனை முடிவதற்குள் 61 படிவங்கள் கையெழுத்தோடு என் மேசைக்கு வந்துவிட்டன. இவ்வளவு சுறுசுறுப்பை நான் வசதிக் கட்டணத்தில்கூடப் பார்த்ததில்லை. புரட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. 9 படிவங்களில் ஒரே பச்சை மை, ஒரே சாய்வு. ஒன்பது தகப்பன்மாருக்கும் ஒரே பேனையா? இன்னொரு படிவத்தில் தாயாரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'அம்மா' என்றே எழுதியிருந்தது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்த வயதில் தேர்ச்சி அறிக்கையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகிய ஆள்தான் நானும். 61 படிவங்களையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எது உண்மையான கையெழுத்து, எது பச்சை மை என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. உண்மையாகவே வாசித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

பிள்ளைகளின் சுகாதாரம், பதின்ம வயதினரின் பாதுகாப்பு ஆகியவை பற்றி ஆராயும் மருத்துவக் குழு ஒன்று அடுத்த மாதம் நம் பாடசாலைக்கு வருகிறது. உயரம், நிறை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு வினாக்கொத்து. இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாய், காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாயா, மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடுகிறாயா, போனில் முன்பின் தெரியாதவர்களோடு கதைத்ததுண்டா, புகைத்துப் பார்த்ததுண்டா, யாராவது அடிக்கிறார்களா, வாழ்க்கை வெறுத்துப்போகும் அளவுக்குக் கவலை வந்ததுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ஊசி இல்லை. இரத்தம் எடுப்பதில்லை. மருந்தும் கொடுப்பதில்லை.

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் வந்து செய்யும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே சூத்தைப் பல்லோ கண் பார்வைக் குறைவோ தெரிந்தால் கையோடு கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். உங்கள் பிள்ளைக்கு நேரடியாக நன்மை. இந்த ஆய்வில் அப்படி எதுவும் கிடைக்காது. பதில்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இதை மறைத்துக் கையெழுத்து வாங்க நான் விரும்பவில்லை.

"என்ர பிள்ளைக்கு ஒண்டும் கிடைக்காதெண்டா ஏன் சேர் அனுப்ப வேணும்?" என்று நேற்றே ஒரு தகப்பனார் கேற்றடியில் கேட்டார். மணி அடிக்கிற நேரம், ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் வீட்டு அலுமாரியில் எங்கேயாவது பிள்ளையின் கிளினிக் கொப்பி இருக்கும். எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் நிறையைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, அச்சடித்த வளைகோடுகளுக்கு நடுவில் இணைத்திருப்பார்கள். புள்ளி கொஞ்சம் கீழே இறங்கினால் அப்பம்மா தொடக்கம் அயலட்டை வரை ஆளுக்கொரு புத்தி சொல்லியிருப்பார்கள். அந்த வளைகோடுகளை உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்று 6 நாடுகளில் ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து போட்ட கோடுகள் அவை. கானாவில் ஒரு தாய் அழுகிற பிள்ளையைத் தராசில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கில்தான் நம் பிள்ளைக்குத் திரிபோசா சத்துமா எழுதினார்கள்.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியும் இப்படித்தான். உப்பும் சீனியும் கலந்த நீர் சேலைனின் தேவையைப் பெருமளவு குறைக்கும் என்பதை 1968 இல் டாக்காவில் ஆராய்ந்து கண்டார்கள். 1971 இல் மேற்கு வங்கத்துப் பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவி சேலைன் தீர்ந்துபோனபோது, டொக்டர் திலீப் மஹலனாபிஸ் அதைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். 100 பேருக்கு 30 பேர் என்றிருந்த மரணம் 4 பேருக்கும் கீழே இறங்கியது. அகதி முகாம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது அஸ்பிரின். எனக்கு இதுதான் முக்கியமான கதை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்று பனடோல் கொடுக்கிறோம், அஸ்பிரினைத் தொடுவதில்லை. ஒரு காலத்தில் உலகம் முழுக்க அஸ்பிரின்தான் கொடுத்தார்கள். 1963 இல் சிட்னியில் டக்ளஸ் ரெய் என்ற டொக்டர் ஒரு புது நோயைப் பற்றி எழுதினார். சளிக்காய்ச்சலோ கொப்புளிப்பானோ வந்து ஆறிக்கொண்டிருக்கிற பிள்ளை திடீரென்று வாந்தி எடுக்கும், பிதற்றும், மூளை வீங்கி ஈரல் கெட்டுவிடும். காரணம் தெரியவில்லை. 1980 இல் அமெரிக்காவில் மட்டும் 555 பிள்ளைகளுக்கு இது வந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோரையும், அதே காய்ச்சல் வந்து சுகமாகிய பிள்ளைகளின் பெற்றோரையும் பிடித்து, "காய்ச்சல் நேரம் என்ன குளிசை கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். நோய் வந்த பக்கத்தில் அஸ்பிரின் குவிந்து கிடந்தது. எச்சரிக்கை போனது. 1986 இல் போத்தலிலேயே அச்சடிக்க வைத்தார்கள். 1994 தொடக்கம் 1997 வரை அங்கே வருடத்துக்கு 2 பேருக்கு மேல் வரவில்லை. (சில நோய்களுக்கு டொக்டரே பிள்ளைகளுக்கு அஸ்பிரின் எழுதுவார். அது வேறு. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அதை நிற்பாட்டிவிடாதீர்கள்.)

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் "நீ என்ன கொடுத்தாய்?" என்று கேட்டால் அவர் எப்படிப் பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தன் தலையில் பழி வரும் என்று பயந்து 'ஒன்றும் கொடுக்கவில்லை' என்று அந்தத் தாய்மார் சொல்லியிருந்தால் நாமெல்லாம் இன்னும் அஸ்பிரின்தான் கொடுத்துக்கொண்டிருப்போம்.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூயோர்க்கில் வில்லோபுரூக் என்று மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான அரச விடுதி ஒன்று இருந்தது. 1956 தொடக்கம் பத்து வருடத்துக்கும் மேலாக அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஈரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். 'இங்கே இருந்தால் எப்படியும் வரத்தானே போகிறது' என்பது அவர்கள் சொன்ன நியாயம். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எப்படிப் போட்டார்கள்? 1964 இல் இடமில்லை என்று விடுதியில் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. வேறு போக்கிடம் இல்லாத தாய் தகப்பன் என்ன செய்வார்கள்? அந்த ஆய்வில் ஈரல் அழற்சியில் இரண்டு வகை இருப்பது தெரியவந்தது உண்மைதான். ஆனாலும் அந்தக் கையெழுத்துகளை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அப்படியான விஷயங்கள் வெளியே வந்த பிறகுதான் விதிகள் இறுகின. இன்று ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் பிள்ளைகளிடம் ஆய்வு செய்ய முடியாது. அந்த அனுமதியின் விபரமும் குழுவின் தொலைபேசி இலக்கமும் படிவத்தின் முதற் பக்கத்தில் இருக்கின்றன. பெற்றோர் சம்மதித்தாலும், பிள்ளை தனக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும். தொடங்கிய பிறகும் பாதியில் எழும்பி வரலாம். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடலாம். நீங்கள் மறுத்தால் அதற்காக உங்கள் பிள்ளையை இங்கே யாரும் வேறாகப் பார்க்கப் போவதில்லை.

என் பங்குக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. நான் இளம் ஆசிரியராக இருந்த காலத்தில், வேறொரு பாடசாலையில், இப்படியொரு வினாக்கொத்து வந்தது. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தோம். ஆனால் தன் வகுப்புப் பிள்ளையின் எழுத்துத் தெரியாத ஆசிரியர் உண்டா? சேர்த்த தாள்களை ஒருவர் ஓய்வறையில் தேநீரோடு புரட்டினார். 'சிகரெட் குடித்ததுண்டா' என்ற இடத்தில் ஒரு பெடியன் 'ஓம், 2 தரம்' என்று எழுதியிருந்தான். அந்த 'ஓ'வின் சுழியை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டார்கள். அன்று பின்னேரமே தகப்பனுக்குத் தகவல் போனது. பெடியன் ஒரு கிழமைக்கு மேல் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்தபோது முழங்கைக்கு மேலே பெல்ட்டின் தழும்பு. தாள்களைப் புரட்டும்போது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு குழு வந்தது. அந்த வருடம் அந்தப் பாடசாலையில் ஒரு பிள்ளையும் புகைக்கவில்லை, ஒரு பிள்ளையும் குடிக்கவில்லை, ஒருவருக்கும் கவலையே இல்லை. தாளுக்குத் தாள் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.

அதனால் இம்முறை குழுவினரிடம் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வினாக்கொத்து நிரப்பும் நேரம் எங்கள் ஆசிரியர் ஒருவரும் மண்டபத்தில் இருக்கமாட்டார், நானும் உட்பட. எழுதத் தேவையில்லை, கட்டத்தில் புள்ளடி மட்டும். பிள்ளையே உறையில் போட்டு ஒட்டிப் பெட்டிக்குள் போடும். பெட்டி நேரே குழுவினரின் வாகனத்துக்குப் போகும். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அன்று வீட்டுக்கு வந்ததும் "என்ன கேட்டவை? நீ என்ன போட்டனீ?" என்று துருவ வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள்.

மனக்கவலை, உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிய கேள்விகளைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் கேட்டு இல்லாத யோசனையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறீர்களே" என்று இரண்டு தாய்மார் வந்து கதைத்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நியூயோர்க் மாநிலத்தில் 6 பாடசாலைகளில் 2,000 க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதையே சோதித்து 2005 இல் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிப் பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, மீதிப் பேரிடம் கேட்காமல் விட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்த்தார்கள். கேட்டதால் யாருக்கும் உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனம் நொந்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கிறது. நம்மிடம் வினாக்கொத்தோடு கிழித்தெடுக்கும் ஒரு சிறு துண்டும் இருக்கும். யாரோடாவது கதைக்க விரும்பும் பிள்ளை அதில் மட்டும் பெயர் எழுதித் தனியாகப் போடலாம். அதை ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரும் குழுவின் டொக்டரும் மட்டுமே பார்ப்பார்கள். அதுவரை காத்திருக்க முடியாத நிலை என்றால் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

நித்திரை பற்றிய கேள்விகளுக்கு வரும் பதில் எனக்கு இப்போதே தெரியும். பதின்ம வயதுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்கிறார்கள். அந்த வயதில் உடம்பின் மணிக்கூடே பிந்தி ஓடும். நேரத்துக்குப் படுக்கச் சொன்னாலும் நித்திரை வராது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2014 இல், இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காலை 8.30 க்கு முன் பாடசாலை தொடங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நம் மணி 7.30 க்கு. அதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் விடிய 5.30 ரியூசனுக்குப் போய்விட்டு வந்து முதலாம் பாடத்தில் நித்திரை தூங்கும் பிள்ளையை எழுப்பச் சொல்லி ஆசிரியர்கள் என்னிடம் முறையிடும்போது, யாரை முறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹெல்மெட் விஷயத்திலும் கேற்றடியில் தினமும் பார்ப்பதைத்தான் சொல்ல முடியும். தகப்பனின் தலையில் ஹெல்மெட், பின்னால் பிள்ளையின் தலையில் றிபன். அல்லது தகப்பனின் ஹெல்மெட்டைப் பிள்ளைக்குப் போட்டு, அது மூக்குவரை இறங்கி ஆடும். அளவில்லாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்றுபோகும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹெல்மெட் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது. பொலிஸைக் கண்டதும் போடுகிற ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

புதிய படிவம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. வருகிற வியாழனுக்குள் சம்மதம் அல்லது மறுப்பு, இரண்டில் ஒன்றைக் குறித்து, நீங்களே கையெழுத்திட்டு, உறையை ஒட்டி அனுப்புங்கள். பிள்ளையும் தன் இடத்தில் தனியாகக் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன், சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்குப் பிரதான மண்டபத்தில் குழுவினர் வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். வாசிக்கக் கஷ்டமான அம்மம்மா, அப்பப்பாமாரோடு இருக்கும் பிள்ளைகள் என்றால் அவர்களையும் கூட்டி வாருங்கள், நான் இருந்து வாசித்துக் காட்டுகிறேன். தேநீரும் வடையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பு.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு.: சைக்கிள் கொட்டிலில் நீல நிறத்தில் ஒரு பெரிய ஹெல்மெட் இரண்டு கிழமையாகக் கிடந்தது. உள்ளே அரைக் கிலோ தக்காளியும் இருந்தது. தக்காளியை எறிந்துவிட்டோம். ஹெல்மெட்டைக் கழுவிக் காயவைத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.