கேபின் ரூமை மட்டும் அவசரப்பட்டு காலி பண்ணிடாதடா

கண்ணா,

பூட்டிக் கெடக்குற அந்த பழைய தியேட்டரை ஃப்ரெண்ட்ஸா சேந்து எடுத்து நடத்தப் போறோம்னு நீ சொன்னதுல அப்பாவுக்கு கவலைதான், கைக்காசு போயிடுமோன்னு, எனக்கு என்னமோ சந்தோஷம்தான்டா. சீட்டு, சவுண்டு, புரொஜெக்டர் எல்லாம் நீங்களே பாத்துப்பீங்க. ஆனா படம் ஓட்டுற கேபினையும் ஆபீஸ் ரூமையும் ஆள் விட்டு காலி பண்ணப் போறோம்னு எழுதியிருந்த பாரு, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

பெரிய சிட்டியோட பழைய கதைன்னா பேப்பர்ல வந்திருக்கும், யாராச்சும் புஸ்தகம் போட்டிருப்பாங்க, சின்ன ஊருக்கு அப்படி யாரு எழுதி வச்சிருக்கா சொல்லு. இன்டர்வெல்ல போடுற விளம்பரத்துக்குன்னு கண்ணாடி ஸ்லைடு வச்சிருப்பாங்க, அதுல அந்த ஊர் கடைங்க, டாக்டர், டெய்லர்னு எல்லார் பேரும் இருக்கும், அதுல பாதி இன்னிக்கு வேற எங்கயும் தேடினாலும் கெடைக்காது. டிக்கெட் கணக்கு நோட்டு கெடச்சா விட்டுடாத, எந்த வாரம் ஹவுஸ்ஃபுல், எந்த வாரம் ஈ ஓட்டுனாங்கன்னு பாத்தாலே வெள்ளம் வந்தது ஸ்டிரைக் நடந்தது எல்லாம் தேதியோட தெரிஞ்சிடும்.

இங்கிலாந்துல பிளாக்பர்ன்னு ஒரு மில் ஊர், அங்க மிட்செல், கென்யன்னு ரெண்டு பேர் 1900 வாக்குல ஃபேக்டரி வாசல்ல கேமராவ வச்சு வேலை முடிஞ்சு வெளிய வர்ற ஜனங்கள படம் புடிப்பாங்க, தன் மூஞ்சியத் திரையில பாக்கணும்னு அதே ஜனங்க காசு குடுத்து வருவாங்க, அதான் யாவாரமே. அந்த நெகட்டிவ் எல்லாம் 1994-ல ஒரு கடையில வேலை நடக்குறப்ப அடித்தளத்துல பீப்பாய்ங்களுக்குள்ள இருந்து வந்துச்சு, 800 இருக்கும். அன்னிக்கு அந்த வேலையாளுங்க குப்பைன்னு வண்டியில ஏத்தியிருந்தா அவ்ளோதான், அந்த ஊர்களோட தொழிலாளிங்க எப்படி நடந்தாங்க, புள்ளைங்க கேமரா முன்னாடி எப்படி முண்டியடிச்சுதுங்கன்னு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். கனடாவுல டாசன் சிட்டின்னு கோடியில ஒரு ஊர், படம் சுத்தி சுத்தி கடைசியா அங்கதான் வரும், திருப்பி அனுப்புற செலவுக்கு கம்பெனிங்க இஷ்டப்படல, அதனால 1929-ல ஒரு நீச்சல் குளத்தை மூடுறதுக்கு ரீலைப் போட்டு நிரப்பிட்டாங்க, 1978-ல தோண்டுறப்ப 500-க்கு மேல வந்துச்சு, மண்ணோட குளிர்தான் காப்பாத்திருக்கு. எல்லா எடத்துலயும் அப்படி குளிர் காப்பாத்தாதுடா.

அதனால ரீல் ஏதாச்சும் இருந்தா கவனம். 1950-க்கு முந்தின ஃபிலிம்னா சீக்கிரம் தீப்புடிக்கிற நைட்ரேட் வகையா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ளயும் எரியும், நீங்களே ஓட்டிப் பாக்கவே கூடாது, பழைய படங்களைப் பாதுகாக்குற ஃபிலிம் ஆர்க்கைவ்ல கேட்டு அப்புறம்தான் தொடணும். அதுக்குப் பின்னாடி வந்த அசிடேட் வகை ரீல் வினிகர் வாசனை அடிச்சா கெட ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், அதைத் தனியா குளுகுளுன்னு இருக்குற எடத்துல வை, மத்த ரீலோட சேத்து வச்சா அதுங்களும் கெட்டுடும்.

பழைய போஸ்டரை ஃப்ரேம் போட்டு லாபியில மாட்டுறதோட முடிச்சுக்காதீங்க, அது வெறும் அலங்காரம்தான், எந்த வருஷம் ஓடுச்சு, யாரு ஒட்டுனாங்கன்னு கீழ எழுதணும். அமெரிக்காவுல லீ வாட்டர்ஸ்னு ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் 1936-லேர்ந்து 1942 வரைக்கும் நார்த் கரோலினா பக்கம் சின்ன சின்ன மில் ஊரா போயி ரோட்டுல போறவங்கள எல்லாம் படம் எடுத்து அந்த ஊர் தியேட்டர்லயே காட்டுவாரு, தியேட்டர்காரங்களுக்கும் அதனால கூட்டம். நீங்களும் மாசம் ஒரு நாள் படத்துக்கு முன்னாடி ஊர்க்காரங்க வீட்டு வீடியோவ, கல்யாண கேசட், ஸ்கூல் ஆண்டு விழா எதுவா இருந்தாலும் வாங்கிப் போடுங்க, தெரிஞ்ச மூஞ்சி வந்தா எத்தனை பேர் அவங்களாவே பேச ஆரம்பிப்பாங்க பாரு, அந்தப் பேச்சையும் ரெக்கார்ட் பண்ணு. கோயம்புத்தூர்ல சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல கட்டுன வெரைட்டி ஹால் தியேட்டர் பேருலதான் அந்த ரோடே இருக்கு, உங்க தெரு பேருக்கும் பின்னாடி இப்படி ஏதாச்சும் இருக்கான்னு வயசானவங்ககிட்ட கேளு.

இது எல்லாத்துக்கும் முன்னாடி அந்த பழைய ஆபரேட்டரைப் போயி பாத்துடு. வயசாயிடுச்சுன்னு நீயே சொன்ன. ரெண்டு புரொஜெக்டர் வச்சு ரீல் முடியுறப்ப திரை ஓரத்துல வர்ற புள்ளியப் பாத்து அடுத்த புரொஜெக்டருக்கு எப்படி மாத்துவாருன்னு ஆரம்பிச்சு கேளு, கைவேலையப் பத்தி கேட்டா மனுஷங்க தயங்காம பேசுவாங்க, அப்புறம் ஊர் கதைக்கு அவரே வருவாரு. முடிஞ்சா கேபினுக்கே கூட்டிட்டுப் போ, படி ஏற முடியலைன்னா சாமான போட்டோ எடுத்துட்டுப் போயி காட்டு. போனை அவர் பக்கத்துல வச்சு ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பு, எத்தனை மணி நேரம் இருந்தாலும் பரவால்ல, நான் உக்காந்து ஒரு வார்த்த விடாம டைப் பண்ணித் தர்றேன்.

அம்மா