அது நாட்டியம் இல்லை, சோறு

ஆசிரியர் அவர்களுக்கு,

தைவானின் சின்பூ ஊரில் ஹக்கா என்னும் சீன இனப்பிரிவினர், ஊரைக் காத்து மாண்டவர்களுக்காக எடுக்கும் யிமின் விழாவைப் பற்றிய கட்டுரையையும் படங்களையும் உங்கள் ஞாயிறு மலரில் பார்த்தோம். நீலச்சட்டைப் பெண்கள் இரு முனையிலும் கூடை தொங்கும் காவுதடியைத் தோளில் வைத்து வரிசையாகப் போகும் படத்துக்கு ‘ஹக்கா நாட்டியம்’ என்று குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஆடவில்லை, செத்தவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறார்கள்.

1786இல் சீனாவின் சிங் அரசை எதிர்த்து லின் ஷுவாங்வென் என்பவர் தலைமையில் கலகம் மூண்டபோது ஊரைக் காக்கத் திரண்ட ஹக்காப் படையினருக்கு ஊரார் காவுதடியில் சாப்பாடு சுமந்துபோனார்கள். மாண்டவர்களில் இருநூறு பேருக்கும் மேற்பட்டவர்களை ஒன்றாகப் புதைத்த இடத்தில் 1790இல் கோயில் எழுந்தது. ஆட்கள் போன பிறகும் சோறு போவது நிற்கவில்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் 20ஆம் நாள் விழா. 15 ஊர்க்கூட்டுகள் முறைவைத்து நடத்துகின்றன.

காவுதடி நம் காவடிக்கு உறவுதான். மூங்கில் வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்த தடி தோளெலும்பில் இடிக்கும். கூடைக் கயிறு இரண்டும் ஒரே நீளம் இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஆடி, குழம்பு சிந்தும். அதனால் ஒரு கை முன்கயிற்றை விடுவதே இல்லை. தடி மேலே எழும்பும் நொடியில் சுமை லேசாகும்; அப்போதுதான் அடி எடுத்து வைக்கிறார்கள். குறுக்கடி, விரைவான நடை. உங்கள் படத்தில் நாட்டியமாகத் தெரிந்தது இந்தத் துள்ளல்தான். தோள் வலித்தாலும் நிற்பதில்லை, நடந்தபடியே பிடரி வழியாகத் தடியை மறுதோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஹக்காப் பெண்கள் காலைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்தை ஏற்காதவர்கள். வயலும் சுமையும் அவர்கள் பொறுப்பாகவே இருந்தன.

படையலில் வைக்கும் சிவப்புப் பலகாரமான ஃபுங்பானையும் கட்டுரை ‘இனிப்பு’ என்ற ஒரே சொல்லில் தாண்டிவிட்டது. பசையரிசியோடு கொஞ்சம் சாதா அரிசி சேர்த்து ஊறவைத்து, தண்ணீர் விட்டு அரைத்து, துணிப்பையில் கட்டிக் கல்லேற்றி நீரை வடிக்கிறார்கள். அந்தக் கட்டிமாவை அப்படியே பிசைந்தால் விண்டுபோகும். ஆகவே பத்தில் ஒரு பங்கைக் கிள்ளி வெந்நீரில் வேகவைத்து, மீதி மாவோடு சூட்டோடு சூடாகப் பிசைய வேண்டும். அந்த வெந்த உருண்டைக்குப் பெயர் ‘பான்மா’. ‘மா’ அவர்கள் மொழியில் பெண்பால் விகுதி. நம் வாயில் தாய்மாவு என்று வரும். சிவப்பு நிறம் சேர்த்து, வேர்க்கடலையோ பயறோ உள்ளே வைத்து, ஆமை வடிவ மர அச்சில் அழுத்தி, இலைமேல் வைத்து மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம் அவிக்கிறார்கள். நடுநடுவே மூடியைச் சற்றுத் திறந்து ஆவியை விட வேண்டும். தீ மிஞ்சினால் மாவு உப்பிச் சரிந்து, ஆமை ஓட்டின் கோடுகள் அழிந்துபோகும். கோடு அழிந்ததைப் படையலில் வைக்க யாருக்கும் மனம் வராது.

மலரின் முதல் பக்கம் முழுக்க, படையலுக்கான எடைப்போட்டிப் பன்றிகளின் படம். அதுவும் விழாவின் பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் விழாவை முறைவைத்து நடத்துவோரைக் குறிக்கும் கோயில் பட்டியலில் இருப்பவை ஆண்வழிக் குடும்பப் பெயர்கள். பலகாரம் அவித்த பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. படக்குறிப்பிலாவது அவர்கள் செய்வது என்னவென்று சரியாக வர வேண்டும். அடுத்த வாரம் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: ‘காவுதடியில் படையல் சோறு சுமந்து செல்லும் பெண்கள்.’

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்