‘அஸ் பெஸ்டாஸ்’: இரண்டாம் பாதியில்தான் படம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோட்ரிகோ சொரோகோயென் இயக்கிய ஸ்பானியப் படம் ‘அஸ் பெஸ்டாஸ்’ (2022) பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். நம் பத்திரிகை ஒன்றில் இந்தப் படத்துக்கு இரண்டு பக்கம் கிடைத்ததே சந்தோஷம். ஆனால் இரண்டு இடங்களில் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. படித்த, நல்ல மனம் கொண்ட ஒரு தம்பதியைக் காட்டுமிராண்டி ஊர்க்காரர்கள் வேட்டையாடும் கதை என்கிறார் விமர்சகர். அப்புறம், கணவனின் கொலைக்குப் பிறகு வருவதெல்லாம் இழுவை, பாதியை வெட்டியிருக்கலாம் என்றும் சொல்கிறார். அந்தத் தம்பதியோடு மோதும் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்காததால்தான் இந்த இரண்டு முடிவுகளும் வந்திருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. (படத்தின் முடிவு வரை பேசப்போகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

முதலில் அந்தப் பயம். படம் ஓடும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் கொலை வரைக்கும் பெரிதாகக் கைகலப்புகூட இல்லை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவின் மலைக்கிராமம் ஒன்றில் அந்துவானும் ஓல்காவும் பிரான்சிலிருந்து வந்து குடியேறியிருக்கிறார்கள். ரசாயனம் போடாமல் காய்கறி விளைவித்துச் சந்தையில் விற்கிறார்கள். ஆளில்லாத வீடுகளைச் செப்பனிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சகோதரர்களில் மூத்தவனான ஷான், டோமினோ ஆடும் மேசையில் உட்கார்ந்துகொண்டு அந்துவானைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘பிரெஞ்சுக்காரன்’ என்றே கூப்பிடுகிறான். அவ்வளவுதான், வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. பிறகு இரவில் மலைப்பாதையில் காரை மறிக்கிறார்கள். கிணற்றில் பேட்டரியைப் போட்டுவிட, தக்காளி விளைச்சல் மொத்தமும் வீணாகிறது. போலீஸிடம் போனால் அக்கம்பக்கத்துச் சண்டை என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்கள். அந்துவான் சின்னக் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ரகசியமாகப் படம்பிடிக்கிறார். நியாயமான செயல்தான். ஆனால் அந்தக் கேமரா வந்த பிறகுதான் ஊரில் இறுக்கம் இன்னும் கூடுகிறது.

சரி, சண்டை எதற்கு? நார்வே நிறுவனம் ஒன்று அங்கே காற்றாலை நிறுவ நிலம் கேட்கிறது. எதிர்த்து வாக்களித்தவர்களில் அந்துவானும் ஒருவர். சாராயக்கடையில் ஒரு பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு அண்ணன் தம்பியும் அவரும் பேசும் காட்சியில் படத்தின் கேமரா வெகுநேரம் அசையாமல் நிற்கிறது. பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் மாடும் சாணியுமாகக் கிடக்கிறோம், கல்யாணம் இல்லை, குடும்பம் இல்லை, இந்தப் பணம் ஒன்றுதான் வெளியே போக வழி, நேற்று வந்த உனக்கும் எனக்கும் ஒரே அளவு ஓட்டா என்பதுதான் ஷானின் கேள்வி. அந்துவானுக்கோ அதே மண் ஆசை ஆசையாகத் தேடி வந்த வீடு. கையிலிருந்த பணம் முழுவதையும் அதில்தான் போட்டிருக்கிறார். ஷானாக நடித்த லூயிஸ் சஹேராவுக்கு ஸ்பெயினின் திரைப்பட விருதான கோயா கிடைத்தது. அதற்கு இந்த ஒரு காட்சியே போதும். வன்மமும் இயலாமையும் ஒரே குரலில் வருகின்றன. அவன் சொல்வதில் பாதிக்காவது உண்மை இருக்கிறது என்று உணரும்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. வெறும் கெட்டவன் என்றால் இந்த அளவுக்குப் பயந்திருக்க மாட்டேன்.

நான் இருப்பது காற்றாலைகள் நிற்கும் பகுதி. எங்கள் பக்கம் காத்தாடி என்போம். நிலம் கொடுத்த வீட்டுக்கும் கொடுக்காத வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதனால் ஷானைக் காட்டுமிராண்டி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் செய்தது கொலை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தலைப்பையும் பாருங்கள். ‘பெஸ்டாஸ்’ என்றால் மிருகங்கள். கலீசியாவில் மலையில் திரியும் குதிரைகளையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் அவற்றைப் பட்டியில் அடைத்து, கயிறோ கம்போ இல்லாமல் வெறுங்கையால் பிடித்துப் பிடரி மயிரைக் கத்தரித்து மறுபடி விடுவார்கள். ஆட்கள் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து அடக்குவதைக் காட்டித்தான் படம் தொடங்குகிறது. பின்னால் காட்டுக்குள் அண்ணனும் தம்பியும் அந்துவானை அதே பிடியில்தான் அமுக்குகிறார்கள். படத்தில் மிருகத்தின் இடத்தில் இருப்பவர் அந்துவான். உங்கள் விமர்சகர் அந்தப் பெயரைக் கிராமத்தாருக்குச் சூட்டிவிட்டார்.

படத்துக்குத் தூண்டுதல் கலீசியாவின் ஊரென்சே மாகாணத்தில் சாந்தோஆய்யா என்ற குக்கிராமத்தில் நடந்த நிகழ்வு. 1997இல் குடியேறிய டச்சுத் தம்பதி, அங்கே மிச்சமிருந்த ஒரே குடும்பத்தோடு பொதுக்காட்டு வருமானத்தில் பங்கு கேட்டு மோதினார்கள். 2010இல் கணவர் காணாமல் போனார். எலும்புகள் கிடைத்தது 2014இல். பக்கத்து வீட்டின் இளைய மகனுக்கு 2018இல் பத்தரை ஆண்டு சிறை. நான்கு ஆண்டுகள், கண்ணெதிரே அந்த வீடு, பதில் தெரியாமல் அங்கேயே வாழ்ந்த அந்த மனைவியை நினைத்துத்தான் சொரோகோயென் இரண்டாம் பாதியை எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். உங்கள் விமர்சகர் வெட்டச் சொல்வது அதைத்தான்.

ஓல்கா அழுது புலம்புவதில்லை. கணவனின் உடலுக்காக வரைபடத்தை வைத்துக்கொண்டு காட்டைப் பகுதி பகுதியாகத் தேடுகிறாள். ஆடு வளர்க்கிறாள், சந்தைக்குப் போகிறாள். பிரான்சிலிருந்து வரும் மகள் ‘இங்கே ஏன் கிடக்கிறாய், கிளம்பு’ என்று சமையலறையில் கத்தும்போது அம்மாவும் விடாமல் பதில் சொல்கிறாள். ஓல்காவாக நடித்த மரினா ஃபோயிஸ் அந்தக் காட்சியில் குரலை உயர்த்தும்போது நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் பாதியில் கணவனின் நிழலில் நின்ற பெண் இவள்தானா என்று தோன்றியது. கணவன் போன பிறகும் அதே பக்கத்து வீட்டாரின் அருகில்தான் வாழ்கிறாள். ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. உடல் கிடைத்ததும் அவள் நேரே போவது ஷானின் வயதான தாயிடம். உங்கள் பிள்ளைகள் ஜெயிலுக்குப் போவார்கள், நீங்களும் என்னைப் போலத் தனியாகிவிடுவீர்கள், ஏதாவது வேண்டுமென்றால் நான் இங்கேதான் இருப்பேன் என்கிறாள். அதில் எவ்வளவு கருணை, எவ்வளவு தண்டனை என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த இதழில் இடமிருந்தால் இந்த இரண்டாம் பாதியைப் பற்றி மட்டும் வேறொருவரை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பெண்ணை.

அன்புடன்,
ஒரு வாசகி,
இராதாபுரம்