பழைய இன்ஜினுக்கு எந்த பேரிங்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய கார்களைத் தேடிப்பிடித்து ஓடவைப்பவர்கள் கூடிவருவது மகிழ்ச்சி. ஆனால் இன்ஜினைப் பிரித்ததும், "ஒயிட் மெட்டல் அந்தக் காலம், ஷெல் பேரிங் போட்டுடலாம்" என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்றுக்கொண்டால் நல்ல கிராங்க் ஷாஃப்ட் வீணாகிவிடும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது பேரிங். அதில் உருக்கி ஊற்றும் மிருதுவான உலோகம் ஒயிட் மெட்டல்; தனியாகச் செய்து மாட்டும் மெல்லிய அரைவட்ட உறை ஷெல். முதலில் அந்த இன்ஜினில் ஆயில் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

1928–31 ஃபோர்டு மாடல் ஏ காரில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியிலுள்ள கரண்டி ஆயிலை அள்ளித் தெளிக்கும். பிக் எண்டுக்கு, அதாவது ராடின் கிராங்க் பக்க முனைக்கு, பம்ப் அழுத்தம் கிடையாது. ஆயில் ஃபில்டரும் இல்லை. அழுக்குத் துகளைத் தனக்குள் புதைத்துக்கொண்டு ஷாஃப்டைக் காப்பாற்றுவது மிருதுவான ஒயிட் மெட்டல்தான். அழுத்த ஆயில் வழியும் ஃபில்டரும் அமைக்காமல் அங்கே ஷெல் மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் டிராக்‌ஷன் அவான் காரிலும் 1955-இல் 11டி இன்ஜின் வரும்வரை ஒயிட் மெட்டல்தான்.

ஒயிட் மெட்டல் ஊற்றுவதில் அவசரம் கூடாது. சுமார் 89 சதவீதம் வெள்ளீயம், 7.5 ஆன்டிமனி, 3.5 செம்பு கொண்ட கலவை நம்பகமானது. பழையதை உருக்கி எடுத்து, ராடைச் சுத்தம் செய்து, வெள்ளீயம் பூசி, சூடாக இருக்கும்போதே 420 டிகிரி செல்சியஸ் அளவில் ஊற்ற வேண்டும். ராட் ஆறியிருந்தால் உலோகம் ஒட்டாது. ஒட்டியதா என்று பார்க்க, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, விளிம்பில் சாக்பீஸ் பொடி தூவுங்கள். இடுக்கில் நின்ற எண்ணெய் கசிந்து பொடியில் கறுப்புக் கோடு விழுந்தால், மறுபடி ஊற்றத்தான் வேண்டும். கிராங்க் ஷாஃப்டை இன்ஜின் உடலில் தாங்கும் மெயின் பேரிங்குகளை ஒன்றாகப் பூட்டி, ஒரே நேர்கோட்டில் குடையும் லைன் போரிங் செய்யாமல் தனித்தனியாகச் சுரண்டிப் பொருத்துவது வேண்டாம்.

அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினும் பத்மினியின் 1089 சிசி இன்ஜினும் ஷெல் பேரிங்குக்கென்றே பிறந்தவை. அங்கே கேள்வி, எந்த உலோக ஷெல் என்பது. காப்பர்-லெட் என்னும் செம்பு-ஈயக் கலவை அதிகச் சுமை தாங்கும். ஆனால் மேற்பூச்சு தேய்ந்ததும் கெட்டிப்படுத்தாத ஷாஃப்டை அரிக்கும். அது மட்டுமல்ல, மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரில் பழைய ஆயில் அமிலமாகி, காப்பர்-லெட்டிலுள்ள ஈயத்தைக் கரைத்துவிடும். கடற்கரை ஈரத்தில் ஆயிலில் தண்ணீரும் சேரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு அலுமினியம்-டின் ஷெல்லே என் தேர்வு.

எந்த ஷெல்லானாலும், பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்பை அரத்தால் ராவாதீர்கள். ஷெல்லுக்குப் பின்னால் தகடும் வைக்காதீர்கள். ஷெல் கேப் முகத்தைவிட மிகச் சிறிதளவு உயர்ந்து நிற்பது, போல்ட் இறுகும்போது இருக்கையோடு நெரிந்து பிடிக்கத்தான். கேப்பை ராவினால் ஷெல் உட்காரும் துளையே முட்டை வடிவமாகிவிடும். தகடு வைத்தால் வெப்பம் வெளியேறாது. தகடு ஷிம் வைத்துச் சரிசெய்வது ஒயிட் மெட்டலுக்கு உரிய வேலை, அதுவும் கேப் இணைப்பில்.

ஷாஃப்டை 10, 20, 30, 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கிரைண்ட் செய்யும்போது, பேரிங்கில் சுழலும் பகுதியான ஜர்னலின் ஓரத்து வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அதைக் கூர்மையாக வெட்டினால் அங்கேதான் விரிசல் விழும். வளைவு பெரிதானால் ஷெல் விளிம்பு அதில் ஏறிவிடும். ஆயில் துளை ஓரங்களையும் மழுக்க வேண்டும். ஜர்னலின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது தொடக்கக் கணக்கு. கையேட்டில் அளவு இருந்தால் அதுவே முடிவு. நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்து ஒவ்வொரு ஜர்னலையும் அளந்த பிறகே பூட்டுங்கள்.

ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்த கைகள் நம் பக்கத்தில் குறைந்துவருகின்றன. புதுச்சேரி, கடலூர் அரசு ஐ.டி.ஐ.க்களின் மோட்டார் மெக்கானிக் பிரிவில் இதைக் குறுகியகாலப் பயிற்சியாகவாவது சேர்க்க அதிகாரிகள் முன்வர வேண்டும்.

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி