கரண்ட் போன வீட்டில் சோறும் மீனும்

வெள்ளவத்தை, கொழும்பு 06

அன்புள்ள தோழிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகள் இங்கே பிளாட் எடுத்துவிட்டாள் என்ற செய்தி எனக்குப் பெரிய சந்தோஷம். சந்தையும் கிட்ட, கோயிலும் கிட்ட. நானும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறேன். முழங்கால் நோ எனக்கு இப்போது கொஞ்சம் குறைவு. கரண்ட் போனால் பிரிட்ஜில் இருக்கிற சாப்பாட்டை மகள் என்ன செய்வாள் என்று நீர் கவலைப்பட்டுக் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அப்போதாவது நேர அட்டவணையைப் பார்த்துச் சமைத்தோம். சொல்லாமல் போகும் கரண்ட்தான் பாடு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடே இருண்டது நினைவிருக்கும். அது ஞாயிற்றுக்கிழமை, இறைச்சியும் மீனும் வாங்கி வைக்கிற நாள். காலை போன கரண்ட் பல இடங்களுக்குப் பின்னேரம்தான் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மரம் முறிந்து வயரில் விழுவதும் உண்டு. பிளாட்டில் ஜெனரேட்டர் இருந்தாலும், அது லிப்டுக்கும் தண்ணி மோட்டருக்கும் மட்டுமா, வீட்டுக்குள்ளும் வருமா என்று மகள் முதலே கேட்டு வைக்கட்டும்.

கரண்ட் போனதும் பிரிட்ஜ் கதவைத் திறக்கவே கூடாது. திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் அளவுக்குக் குளிர் நிற்கும். நிறைந்த டீப் பிரீசர் இரண்டு நாள் வரைக்கும் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். பிரிட்ஜோடு சேர்ந்த சின்னப் பெட்டியை நம்பி அவ்வளவு நேரம் இருக்க ஏலாது. வெற்றுப் போத்தல்களில் முக்கால்வாசி தண்ணி நிரப்பி உறைய விட்டால் இடமும் நிரம்பும், குளிரும் நிற்கும். நாலு மணித்தியாலம் தாண்டும்போலத் தெரிந்தால் அந்தப் போத்தல்களோடு மீன், இறைச்சி, பாலை ஒரு ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் இறுக்கி மூடலாம்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. எங்கள் ஆட்கள் மணந்து பார்ப்பார்கள், ‘பழுதாகேல்லை’ என்று திரும்பச் சூடாக்கிச் சாப்பிடுவார்கள். இதுதான் எனக்குப் பயம். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. சோறு மணக்காது, நிறமும் மாறாது, ஆனால் வாந்தி எடுக்க வைக்கும். சூரை, கெலவல்லா, கும்பளா மாதிரி மீன்களும் அப்படித்தான். குளிர் விட்டுப்போனால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும், எந்தக் குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, வாய் எரிந்து, உடம்பெல்லாம் கடிக்கும். அதனால் மூக்கை நம்பாமல் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லும். சமைத்த சாப்பாட்டுக்குக் குளிர் விட்ட பிறகு இரண்டு மணித்தியாலம்தான், வெயில் 32 பாகைக்கு மேல் ஏறினால் ஒன்று. பால்கறியும் சொதியும் இங்கத்தைய புழுக்கத்தில் அதற்கு முதலே புளிக்கத் தொடங்கிவிடும்.

சாமான் விற்கிற விலைக்கு ஒரு சட்டி மீன் குழம்பைக் கொட்டுவதென்றால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் எரியும். அதனால் கொட்ட வேண்டி வராதபடி வாங்குவதே மேல். தேங்காயைத் திருவி வைக்காமல் முழுசாக வைத்திருக்கட்டும். மீனை அன்றன்றைக்கு வாங்கட்டும், சந்தை பக்கத்தில்தானே. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், பருப்பு, பால்மா அலுமாரியில் இருந்தால் கரண்ட் போன இரவிலும் பட்டினி இல்லை. நீர் போடுகிற மோர்மிளகாயில் ஒரு போத்தல் அவளிடம் கொடுத்துவிடும், எனக்கும் சேர்த்து!

நல்லூர்த் திருவிழாவுக்கு அவள் வீடு பூட்டி வருவாள்தானே? வெளிக்கிட முதல் ஒரு கோப்பைத் தண்ணியை உறைய வைத்து, மேலே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து, பிரீசருக்குள்ளேயே விட்டுவிட்டு வரட்டும். திரும்பி வரும்போது குற்றி அடியில் கிடந்தால், இடையில் பனிக்கட்டி முழுக்க உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. பிரீசரில் கிடந்த மீனையும் இறைச்சியையும் எறிய வேண்டியதுதான். கரண்ட் வந்த நேரத்தில் சாமானில் பனித்துகள் இன்னும் இருந்தால் மட்டும் திரும்ப உறைய விடலாம், ருசி கொஞ்சம் குறையும்.

அம்மாவும் மகளோடு வந்து நிற்கப்போவதாக எழுதியிருந்தீர். அவவின் இன்சுலினை மறந்துவிட வேண்டாம். பாவிக்கத் தொடங்கியது பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே சுமார் நாலு கிழமை தாங்கும், திறக்காததற்குத்தான் பிரிட்ஜ் வேண்டும். கரண்ட் போனால் பனிக்கட்டியில் முட்ட வைக்கக்கூடாது, உறைந்தால் பாவிக்க ஏலாது. துணியில் சுற்றி, ஈரமணல் போட்ட பானைக்குள் சின்னச் சட்டி ஒன்றை இறக்கி அதில் வைக்கலாம். வகைக்கு வகை கணக்கு மாறும். பெட்டிக்குள் இருக்கிற தாளில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, மருந்தின் பெயரோடு எனக்கு எழுதும். அம்மா வர முதல் இங்குள்ள பாமசியில் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழி